தமிழ் ஸ்லைடுகளுக்கு பவர்பாயிண்ட்: மாஸ்டரைத் தொடாமல் தொடங்காதீர்கள்

பவர்பாயிண்ட்டில் புதிய கோப்பைத் திறந்து, ஒரு ஸ்லைடைச் சேர்த்து, அதன் தலைப்புப் பெட்டியில் "காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழுவின் நீர்ப் பங்கீட்டுத் தீர்மானங்கள்" என்று அடித்துப் பாருங்கள். 44 பாயிண்ட் எழுத்தில் அது ஒரு வரியில் அடங்காது. மேல் வரியில் ழு-வின் வால் கீழே இறங்கும். கீழ் வரியில் ர்-இன் புள்ளி மேலே ஏறும். இரண்டுக்கும் நடுவே மூச்சுவிட இடம் இருக்காது. இன்னும் நான்கு சொல் சேர்த்தால் மென்பொருளே எழுத்தைச் சுருக்கத் தொடங்கிவிடும். இதே பெட்டியில் ஆங்கிலத் தலைப்பு ஒன்றை அடித்தால் இந்தத் தொல்லை எதுவும் கண்ணில் படாது.

பவர்பாயிண்ட் நல்ல கருவி. தமிழ் ஸ்லைடுக்கு இன்று கிடைப்பவற்றில் இதைத்தான் முதலில் பரிந்துரைப்போம். ஆனால் நிறுவிய கையோடு இருக்கும் நிலையில் அது ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. இருபது நிமிடம் உட்கார்ந்து பிரித்துத் தைத்தால் தமிழுக்கும் கச்சிதமாக உட்காரும். அந்த இருபது நிமிடத்தைச் செலவிடாமல் போட்ட ஸ்லைடுகளைத்தான் பெரும்பாலான கருத்தரங்குகளில் பார்க்கிறோம். இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸில் இயங்கும் மைக்ரோசாஃப்ட் 365 பதிப்புக்கானது. கடைசியில் கூகுள் ஸ்லைட்ஸ், லிப்ரெஆஃபீஸின் இம்ப்ரெஸ் இரண்டையும் பற்றிக் கொஞ்சம்.

இதன் பிறப்பை அறிந்தால் சில விஷயங்கள் புரியும். 1987-இல் ஃபோர்தாட் என்ற நிறுவனம் மெக்கின்டாஷ் கணினிக்காக இதை வெளியிட்டது. அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்கியது. அப்போது இதன் வேலை, ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் தாளைக் கருப்பு வெள்ளையில் அச்சிட்டுத் தருவது. தலைப்பு ஒன்று, அதன் கீழே புள்ளி வைத்த வரிகள் என்ற அமைப்பு இன்றும் முன்னிருப்பாக வந்து நிற்கிறது. நீங்களாக மாற்றினால்தான் மாறும்.

எழுத்துரு எங்கிருந்து வருகிறது

முன்னிருப்புத் தீமில் (நிறங்களும் எழுத்துருக்களும் சேர்ந்த தொகுப்பில்) இப்போது ஆப்டோஸ் எழுத்துரு இருக்கிறது, சில ஆண்டுகள் முன்புவரை கலிப்ரி இருந்தது. இரண்டிலும் தமிழ் எழுத்து கிடையாது. எழுத்துருப் பட்டியில் ஆப்டோஸ் என்று காட்டினாலும், நீங்கள் அடிக்கும் தமிழ் வேறு எழுத்துருவில்தான் தெரிகிறது. ஆஃபீஸ் தீமுக்குள் எந்த எழுத்து முறைக்கு எந்த எழுத்துரு என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் தமிழுக்கு எழுதியிருப்பது லதா.

சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. லதா விண்டோஸ் 2000 காலத்து எழுத்துரு. விண்டோஸ் 10 வந்த பிறகு அது கூடவே வருவதில்லை. தமிழ் துணை எழுத்துருக்கள் என்ற விருப்பத் தொகுப்பில் லதாவும் விஜயாவும் போய்விட்டன, வேண்டுமானால் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொகுப்பு உள்ள கணினியில் உங்கள் ஸ்லைடு லதாவில் தெரியும், இல்லாத கணினியில் நிர்மலா யுஐ-க்குத் தாவும். இரண்டின் அகலமும் வரி உயரமும் வேறு. வீட்டில் நான்கு வரியாக அழகாக நின்ற பத்தி, அரங்கத்துக் கணினியில் ஐந்து வரியாகிப் படத்தின் மேல் ஏறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இன்னொன்று, எண்கள். தமிழ் வாக்கியத்துக்குள் 2018 என்று அடித்தால் அந்த நான்கு இலக்கமும் ஆப்டோஸிலிருந்து வரும், பக்கத்துத் தமிழ் லதாவிலிருந்து வரும். இலக்கம் ஒல்லியாகவும் உயரமாகவும், தமிழ் தடித்தும் குள்ளமாகவும் நிற்கும். ஏன் உறுத்துகிறது என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் உறுத்தும். ஆகவே தமிழும் ஆங்கிலமும் எண்ணும் ஒரே குடும்பத்தில் இருக்கும் எழுத்துருவையே தேர்ந்தெடுங்கள்.

கோப்பு பல விண்டோஸ் கணினிகளுக்குப் போகும் என்றால் நிர்மலா யுஐ போதும். விண்டோஸ் 8 முதல் எல்லாவற்றிலும் இருக்கிறது. அதன் செமிலைட் வகையை மட்டும் தொடாதீர்கள், புரொஜெக்டர் வெளிச்சத்தில் கரைந்துவிடும். உங்கள் கணினியிலிருந்தே காட்டப்போகிறீர்கள் என்றால் முக்தா மலர் எங்கள் முதல் தேர்வு. எடைகள், அதாவது எழுத்தின் தடிப்பு வகைகள், நிறைய உண்டு, தலைப்புக்கு செமிபோல்டும் உரைக்கு ரெகுலரும் எடுத்தால் ஒரே குடும்பத்தில் வேலை முடியும். நோட்டோ சான்ஸ் தமிழும் நன்று. கூகுள் ஃபாண்ட்ஸில் நோட்டோவை இறக்கினால் வரும் ஜிப் கோப்பில் எல்லா எடைகளும் ஒரே கோப்பில் அடங்கிய வேரியபிள் எழுத்துரு ஒன்றும், ஸ்டாட்டிக் என்ற உறையும் இருக்கும். ஸ்டாட்டிக் உறையில் உள்ள ரெகுலர், போல்டு இரண்டை மட்டும் நிறுவுங்கள். வேரியபிள் எழுத்துருவின் எடைகளை பவர்பாயிண்ட் சரியாகக் கையாள்வதில்லை.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு கையில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளே, எழுத்துரு இல்லாத கணினியில் அந்த ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை ஏற்றுவிட்டது. 2010-க்குப் பிந்தைய ஸ்லைடைப் பழைய குறியாக்கத்தில் வைத்திருக்க இன்று எந்தக் காரணமும் இல்லை.

மாஸ்டரில் செய்ய வேண்டியது

வியூ டேபில் ஸ்லைடு மாஸ்டரைத் திறங்கள். இடப்பக்கம் வரிசையாகத் தெரிவனவற்றில் எல்லாவற்றுக்கும் மேலே, சற்றுப் பெரிதாக இருப்பதுதான் மாஸ்டர். கீழே உள்ளவை அதன் லேஅவுட்டுகள். மேலே செய்யும் மாற்றம் கீழே தானாக இறங்கும். தலைப்புப் பெட்டி, உரைப் பெட்டி இரண்டையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றுங்கள்.

அடுத்து வரி இடைவெளி. முன்னிருப்பில் அது 0.9 மடங்கு. மேல்விலங்கும் புள்ளியும் மேலே, கீழே இறங்கும் சுழிகள் கீழே என்று இரு பக்கமும் நீளும் தமிழுக்கு இது போதாது. பத்தி அமைப்பில் மல்ட்டிபிள் என்பதைத் தேர்ந்து தலைப்புக்கு 1.0, உரைக்கு 1.1 கொடுங்கள். முக்தா மலர், நோட்டோ போன்ற எழுத்துருக்கள் ஏற்கெனவே கொஞ்சம் இடம் வைத்தே வருகின்றன, 1.2-க்கு மேல் போனால் வரிகள் ஒன்றுக்கொன்று உறவில்லாமல் மிதக்கும். பத்திகளுக்கு இடையே 10 முதல் 12 பாயிண்ட் தனியாகக் கொடுப்பது வரி இடைவெளியைக் கூட்டுவதைவிடப் பயன் தரும்.

பிறகு ஆட்டோஃபிட். பவர்பாயிண்ட்டின் மேல் நமக்குள்ள பெரிய குறை இதுதான். பெட்டியில் எழுத்து நிரம்பி வழிந்தால் அது கேட்காமலே சுருக்குகிறது. 28 பாயிண்ட் எழுத்து 92.5 சதவீதமாகி 26 ஆகும், வரி இடைவெளி 10 சதவீதம் இறங்கும், இன்னும் நிரம்பினால் இன்னும் இறங்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் ஆங்கிலத்தைவிடச் சீக்கிரமாகவே இது தொடங்கிவிடும். விளைவு, மூன்றாம் ஸ்லைடில் 28, நான்காவதில் 26, ஐந்தாவதில் 22 என்று ஒவ்வொன்றும் ஓர் அளவில் நிற்கும். எழுத்துச் சிறுத்துப் போனதை அடிப்பவர் கவனிப்பதே இல்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்தான் கவனிப்பார். இதை நிறுத்த: ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ். அங்கே 'ஆட்டோஃபார்மட் அஸ் யூ டைப்' டேபில் தலைப்புக்கும் உரைக்கும் உள்ள இரண்டு ஆட்டோஃபிட் பெட்டிகளிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். இனி எழுத்து வழிந்தால் வெளிப்படையாக வழியும். அது நல்லது. சொற்களைக் குறைக்க வேண்டிய இடம் அது என்று உங்களுக்குத் தெரியும்.

அழுத்தம் காட்ட இட்டாலிக் வேண்டாம். நிர்மலாவிலும் முக்தா மலரிலும் சாய்வு எழுத்து வரையப்படவில்லை, மென்பொருள் நேரெழுத்தைப் பிடித்துச் சாய்க்கிறது, வட்டங்கள் கோணலாகின்றன. அடிக்கோடு து, மு, ழு ஆகியவற்றின் கீழ்ப்பகுதியை வெட்டிக்கொண்டு போகும். எழுத்து இடைவெளியைக் கூட்டினால் கொ, கோ ஆகியவற்றின் கொம்பும் துணைக்காலும் தள்ளித் தள்ளி நின்று, படிப்பவர் கால் நொடி தடுமாறுவார். மிஞ்சுவது தடிப்பும் நிறமும், அவை இரண்டுமே போதும். இரு ஓரமும் நேராக நிற்கும்படி ஜஸ்டிஃபை செய்வதையும் விட்டுவிடுங்கள். நீளச் சொல் அடுத்த வரிக்குப் போய்விட, மேல் வரியில் மூன்று சொற்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். இடது ஓரம் நேராக இருந்தால் போதும்.

எவ்வளவு பெரிய எழுத்து

பவர்பாயிண்ட் ஸ்லைடு 13.33 அங்குல அகலம், 7.5 அங்குல உயரம். 7.5 அங்குலம் என்பது 540 பாயிண்ட். எனவே 24 பாயிண்ட் எழுத்து ஸ்லைடு உயரத்தில் 22.5-இல் ஒரு பங்கு. திரை 150 சென்டிமீட்டர் உயரம் என்றால் அந்த எழுத்துக்கான இடம் 6.7 சென்டிமீட்டர், க அல்லது ப போன்ற எழுத்தின் உடல் அதில் ஏறக்குறைய பாதி. உரைக்கு 28, எக்காரணம் கொண்டும் 24-க்குக் கீழே வேண்டாம், சார்ட்டின் சிறு குறிப்புக்கு 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்புக்கு 44 தமிழில் அதிகம், 36 தடித்த எழுத்து போதும்.

அரங்கத்துக்குப் போகாமலே இதைச் சோதிக்கலாம். கடைசி வரிசை திரையிலிருந்து 12 மீட்டர், திரை உயரம் 1.5 மீட்டர் என்றால் தொலைவு உயரத்தைப்போல் எட்டு மடங்கு. 15.6 அங்குல லேப்டாப்பின் திரை உயரம் 19.4 சென்டிமீட்டர், எட்டு மடங்கு என்றால் சுமார் ஒன்றரை மீட்டர். ஸ்லைடை முழுத்திரையில் வைத்துவிட்டு ஒன்றரை மீட்டர் பின்னால் போய் நின்று படியுங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் கடைசி வரிசைக்கு அது தெரியாது.

நிறத்தில், ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் இருக்கும் அறைக்கு வெள்ளைப் பின்னணியில் அடர்ந்த எழுத்தே தாங்கும். கரும்பின்னணி, இருட்டாக்க முடிந்த அரங்குக்கு மட்டும். வெள்ளையில் மஞ்சளும் ஆரஞ்சும் லேப்டாப்பில் பளிச்சென்று இருக்கும், திரையில் காணாமல் போகும். ரிவ்யூ டேபில் உள்ள செக் அக்சஸிபிலிட்டி, பின்னணியோடு ஒட்டிப்போகும் எழுத்தைச் சுட்டிக்காட்டும். இணையத் தரநிலை சாதாரண எழுத்துக்கு 4.5-க்கு 1, பெரிய எழுத்துக்கு 3-க்கு 1 என்ற வேறுபாட்டைக் கேட்கிறது. ஸ்லைடில் எல்லாவற்றுக்கும் 4.5-ஐயே வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஒரு ஸ்லைடைப் பிரித்துப் பார்ப்போம்

காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தந்த தீர்ப்பை ஒரு ஸ்லைடில் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாகப் போடுவது இப்படி இருக்கும்: தலைப்பு "காவிரி நீர்ப் பங்கீடு". இடப்பக்கம் ஏழு புள்ளி வரிகள். வலப்பக்கம் முப்பரிமாண வட்டப்படம், நான்கு நிறம், கீழே குறிவிளக்கப் பெட்டி. வட்டத்தில் கேரளத்தின் 30 டிஎம்சி மெல்லிய கீற்று, புதுச்சேரியின் 7 நூலிழை. இரண்டின் பெயர்ச்சீட்டுகளும் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். முப்பரிமாணத்தில் முன்னால் சாய்ந்த துண்டு உண்மை அளவைவிடப் பெரிதாகத் தெரியும், நீர்ப் பங்கீட்டில் இது சின்னத் தவறல்ல.

இதையே திருத்தலாம். தலைப்பில் செய்தியைச் சொல்லுங்கள்: "தமிழ்நாட்டின் பங்கு 419 டிஎம்சியிலிருந்து 404.25 ஆகக் குறைந்தது". தலைப்பை மட்டும் படித்தவருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது. இது இரண்டு வரியாகும் என்றால் மென்பொருள் உடைக்கும் இடத்தை நம்பாதீர்கள். 'பங்கு' என்ற சொல்லுக்குப் பின் ஷிஃப்ட்டும் எண்டரும் சேர்த்து அழுத்தி, பொருள் முறியும் இடத்தில் நீங்களே உடையுங்கள். ஏழு புள்ளிகளும் நோட்ஸ் பகுதிக்குப் போகட்டும், அவை நீங்கள் பேச வேண்டியவை.

படத்துக்குக் கிடைமட்ட பார் சார்ட். நிற்கும் தூண்கள் வேண்டாம், தமிழ்ப் பெயர்கள் நீளமானதால் தூணின் அடியில் சாய்ந்துகொள்ளும், தலையைச் சாய்த்துத்தான் படிக்க வேண்டும். கிடைமட்டத்தில் பெயர் இடப்பக்கம் நேராக நிற்கும். நான்கு எண்கள்: தமிழ்நாடு 404.25, கர்நாடகம் 284.75, கேரளம் 30, புதுச்சேரி 7. சார்ட் போட்டதும் வரிசை தலைகீழாக வரும், கடைசியில் அடித்தது மேலே நிற்கும். நெடு அச்சைத் தேர்ந்து ஃபார்மட் ஆக்சிஸில் 'கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்' டிக் செய்தால் நேராகும். பார்களின் இடைவெளி முன்னிருப்பில் 182 சதவீதம், பார்கள் குச்சியாகத் தெரியும். 60 ஆக்குங்கள். தமிழ்நாட்டுப் பாருக்கு மட்டும் அடர் நீலம், மற்ற மூன்றுக்கும் சாம்பல். குறிவிளக்கம், கட்டக்கோடுகள், கிடை அச்சு எல்லாவற்றையும் அழித்துவிட்டு எண்ணைப் பாரின் நுனியில் வையுங்கள். நான்கையும் கூட்டினால் 726 வரும், மொத்தம் 740. மீதி 14-இல் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பது 4. இதை ஒரு சிறு வரியாகக் கீழே எழுதிவிடுங்கள், கேள்வி கேட்பவர் முதலில் கூட்டிப் பார்ப்பது இதைத்தான்.

சார்ட்டுக்குள் உள்ள எழுத்து மாஸ்டரில் நீங்கள் மாற்றிய பெட்டிகளைப் பின்பற்றாது, தீமின் எழுத்துருவையே எடுக்கும். எனவே லதா மறுபடி எட்டிப்பார்க்கும். சார்ட்டை முழுதாகத் தேர்ந்து எழுத்துருவை இன்னொரு முறை மாற்றுங்கள். பெரிய தொகைகள் இருந்தால் காற்புள்ளி மில்லியன் கணக்கில் விழும். லட்சம், கோடிக்கு நம்பர் பகுதியில் கஸ்டம் எடுத்து இதை ஒட்டுங்கள்: [>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0

பவர்பாயிண்ட் ஆயத்தமாகத் தரும் பெட்டி வரைபடங்களான ஸ்மார்ட்ஆர்ட்டைத் தமிழுக்குப் பரிந்துரைக்க மாட்டோம். அதன் பெட்டிகள் சிறியவை. 'ஒழுங்காற்றுக்குழுவிடமிருந்து' போன்ற சொல் பெட்டியைவிட நீளமாகிவிட்டால் நடுவில் எங்காவது முறிந்து அடுத்த வரிக்குப் போகும், இல்லையென்றால் எல்லாப் பெட்டிகளும் அந்த ஒரு சொல்லுக்காகச் சுருங்கும். நாமே மூன்று செவ்வகம் வரைந்து, அலைன் கருவியால் சமமாக அடுக்குவது விரைவு.

காட்டும்போது

இங்கே பவர்பாயிண்ட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரசென்டர் வியூவில் குறிப்புகள் உங்களுக்கு மட்டும் தெரியும், ஆல்ட்டும் எஃப்5-ம் அழுத்தினால் ஒரே திரையிலும் ஒத்திகை பார்க்கலாம். எண்ணை அடித்து எண்டர் தட்டினால் அந்த ஸ்லைடுக்கு நேரே போகும், கேள்வி நேரத்தில் இது பெரிய உதவி. 'பி' தட்டினால் திரை கருப்பாகும், மறுபடி தட்டினால் திரும்பும்.

படங்கள் பற்றி ஒரு கணக்கு. திரை அகலம் முழுக்க நிறையும் படத்துக்கு 150 பிபிஐ (அங்குலத்துக்கு 150 பிக்சல்) வைத்தால் 2,000 பிக்சல். ஃபுல் எச்டி புரொஜெக்டருக்கு 1,920 போதும். கம்ப்ரெஸ் பிக்சர்ஸில் 150-ஐத் தேர்ந்து, வெட்டிய பகுதிகளையும் நீக்கச் சொன்னால் ஃபோன் படங்களால் 80 எம்பி ஆன கோப்பு பென் டிரைவுக்கும் மின்னஞ்சலுக்கும் அடங்கும்.

மற்ற இரண்டு

கூகுள் ஸ்லைட்ஸ் இலவசம், பலர் சேர்ந்து வேலை செய்ய இதை மிஞ்ச எதுவும் இல்லை. 'மோர் ஃபாண்ட்ஸ்' போய் எழுத்து முறையில் தமிழைத் தேர்ந்தால் முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, மீரா இனிமை எல்லாம் நிறுவாமலே கிடைக்கும். ஆனால் அதன் ஸ்லைடு 10 அங்குலத்துக்கு 5.625 அங்குலம். அங்கே 18 பாயிண்ட் என்பது பவர்பாயிண்ட்டின் 24-க்குச் சமம், மேலே சொன்ன அளவுகள் எல்லாவற்றையும் முக்காலால் பெருக்கிக்கொள்ளுங்கள். பவர்பாயிண்ட் கோப்பாக இறக்கினால் எழுத்துரு கூட வராது. அங்கே செய்ததை அங்கேயே காட்டுவதுதான் சரி.

லிப்ரெஆஃபீஸின் இம்ப்ரெஸும் இலவசம், இணையம் வேண்டாம். தமிழுக்கு முதலில் மொழி அமைப்பில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' பெட்டியில் டிக் செய்ய வேண்டும். ஸ்டைலில் ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, ஓர் அளவு, தமிழுக்கு வேறு எழுத்துரு, வேறு அளவு என்று தனித்தனியே இருப்பதைக் கவனியுங்கள். ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறப்பதால்தான் "அளவை மாற்றினாலும் தமிழ் மாறவில்லை" என்ற குழப்பம் வருகிறது. பவர்பாயிண்ட் கோப்பைத் திறந்தால் அனிமேஷன்கள் சில இடம் மாறும். தொடக்கம் முதல் முடிவு வரை இதிலேயே செய்பவருக்கு நல்ல கருவி.

கோப்பைக் கொண்டுபோகும் முன், ஆப்ஷன்ஸில் சேவ் பகுதியில் எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்கும் பெட்டியில் டிக் செய்யுங்கள். அங்கே இரண்டு தேர்வு உண்டு, எல்லா எழுத்துகளையும் பதிக்கும் தேர்வையே எடுங்கள். பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பதித்தால் அரங்கத்தில் கடைசி நிமிடத்தில் பெயர் ஒன்றைத் திருத்தும்போது அந்த எழுத்து இல்லாமல் போகலாம். போஸ்ட்ஸ்கிரிப்ட் வகை ஓப்பன்டைப் எழுத்துருக்கள் (பெரும்பாலும் .otf என்று முடிபவை) பதியாமல் போகக்கூடும், ட்ரூடைப் (.ttf) வகையையே பயன்படுத்துங்கள். துணைக்கு ஒரு பிடிஎஃப் பிரதியும் பென் டிரைவில் இருக்கட்டும். பார்வைக்கு அது அச்சுப்போல இருக்கும். ஆனால் அதிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி விழுவது வழக்கம். கூட்டம் முடிந்து உரை வேண்டும் என்று யாராவது கேட்டால் பிடிஎஃப்பைக் கொடுக்காமல் பவர்பாயிண்ட் கோப்பையே அனுப்பிவிடுங்கள்.